பானையடியில் எம்.பி. அம்மா

அன்பு மகள் அசெகெனேவுக்கு உன் சித்தப்பா ஒஜுலொங் எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் நானும் உன் சித்தியும் ஆடுகளும் நலம், அங்கே ஜோர்டானில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். இந்தத் தடவை மழை ஏமாற்றவில்லை. நம் வயலில் கேழ்வரகு என் தோள் உயரம், ஒக்வலிங்கா வயலில் முழங்கால் உயரம், நம்பாவிட்டால் வந்து அளந்து பார்.

அவன் பேச்சை எடுத்தாலே வயிறு எரிகிறது. வறுமை ஒழிப்புக்கான தேசியத் திட்டம் பார்லிமென்டில் ஓட்டுக்கு வருகிறது. நிறைவேறினால் வயசானவர்களுக்கு மாதாமாதம் உதவி, பிள்ளைகளுக்கு இங்கேயே வேலை, உன்னைப்போல இன்னொரு பெண் ஊரார் பிள்ளையைக் குளிப்பாட்ட விமானம் ஏற வேண்டாம். நம் எம்.பி. அம்மா ஆதரிப்பாரா என்பதுதான் சந்தேகம். அதனால் ஊர்கூடி அவரைக் கேழ்வரகுக் கள்ளுக்கு, எல்லாரும் சுற்றி உட்கார்ந்து குழலால் உறிஞ்சும் அஜோன் பானைக்கு அழைத்தோம். எடுத்துச் சொல்ல, ஆறாம் வகுப்புவரை படித்தவன், ஒருமுறை மந்திரியையே கேள்வி கேட்டு வியர்க்க வைத்தவன், நான் இருக்கிறேன். இவர்களோ ஒக்வலிங்காவைப் பிடித்துப் போட்டார்கள்! எம்.பி. பக்கத்தில் அவனுக்கு முக்காலி, இருப்பதிலேயே நீளமான உறிஞ்சுகுழல். எனக்குக் கோழிக்கூண்டு ஓரம்.

வழக்கம்போல ஆளாளுக்குக் கூரைத் தகரம் கேட்டார்கள், சவப்பெட்டி கேட்டார்கள். அவரும் தலையாட்டிவிட்டுக் கைப்பையை எடுத்து எழப்பார்த்தார். ஒக்வலிங்கா இன்னும் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தான். அப்போதுதான் நான் தும்மினேன். சாதாரணத் தும்மலா, கூரைப்புல் பறந்தது. பானை இருக்கும் இடத்தில் தும்மினால் சும்மா விடுவார்களா, எல்லாரும் குழலை உருவிவிட்டார்கள். உன் அத்தை அமுலென், "பொறாமை மூக்கு வழியா வருது பாருங்கடி" என்று சிரித்தாள். ஊர்முறைப்படி தும்மினவன் அபராதக் கோழி கொடுத்து, வேறு பானை வந்து, எல்லாரும் மறுபடி ஒரு வாய் உறிஞ்சும்வரை யாரும் எழக்கூடாது, எம்.பி.யானாலும் கூடாது. பேச்சு நடந்ததே அந்த நேரத்தில்தான், ஆகவே ஊர் நன்றி சொல்ல வேண்டியது என் மூக்குக்கு. ஒருத்தரும் சொல்லவில்லை.

ஒக்வலிங்கா, "அம்மா, தகரத்த நீங்களே வெச்சுக்குங்க. பார்லிமென்ட்ல எந்திரிச்சு நின்னு இந்தத் திட்டத்துக்கு ஆமான்னு ஒரு வார்த்த சொல்லுங்க, போதும்" என்றான். அவர், "இந்த ஊர்லேருந்து பொழைக்க வெளிநாடு போனது யாரு?" என்று கேட்டார். நான் துள்ளி எழுந்து உன் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன். மந்திரியையே கேள்வி கேட்ட வாயில் உன் பெயர் வரவில்லை, திரும்பக் கோழிக்கூண்டு ஓரமே உட்கார்ந்துவிட்டேன். "நம்ம அசெகெனேதாம்மா, ஜோர்டான்ல வீட்டு வேல பாக்குறா. அவ அப்பன் சாவுக்குக்கூட வர விடல அந்த வீட்டுக்காரங்க" என்று முடித்தவன் ஒக்வலிங்கா. பாவி, நன்றாகத்தான் சொன்னான். எம்.பி. அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு வலக்கையால் குழலைப் பிடித்துக்கொண்டு, "ஆதரிக்கிறேன்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். பெண்கள் குலவையிட்டார்கள், அவனைத்தான் தோளில் தூக்கினார்கள்.

பார்லிமென்டுக்குப் போனதும் மறந்துவிடாமலிருக்க ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அவருக்குக் கடிதம் போகிறது. நம் வீட்டுக் கடிதத்தை நீ எழுது மகளே, பிரிந்திருப்பது எப்படி இருக்கிறதென்று உன் கையாலேயே எழுது. குளிரில் காதை மூடிக்கொள், சுடுதண்ணீர் குடி. கடவுள் உன்னை நடத்தித் திரும்பக் கொண்டுவருவார். உன் பெயரைச் சொல்ல என்னால் முடியவில்லை, ஆனால் அதை ஒக்வலிங்கா வாயிலேயே விட்டுவைக்கவும் மனசு கேட்கவில்லை, அதனால்தான் உன்னையே எழுதச் சொல்கிறேன்.

என்றும் உன் சித்தப்பா,
ஒஜுலொங்
குமி