ஜப்பானிய அம்மாள் சொன்ன தையல் வார்த்தைகள்

14 மார்ச் 2006, செவ்வாய். ஷார்ஜா.

ஜப்பானிலிருந்து சட்டை ஆர்டர் கொடுக்க வந்த அம்மாள் இன்று எங்கள் தையல் கம்பெனியைச் சுற்றிப் பார்த்தார். மேனேஜரிடம் ‘வெரி குட்’ என்றார். பிறகு ஒரு சட்டையின் தோளை விரலால் இழுத்துப் பார்த்து, கூட வந்தவரிடம் தாழ்ந்த குரலில் ‘நுயிமே’ என்றார். ‘ஹொத்சுரே’ என்றார். ‘தமே’ என்றார். தையல், பிரிகிறது, உதவாது.

அது எனக்கு மட்டும்தான் புரிந்தது. போன வருஷம் ஜப்பான் பயிற்சிக்கு என்னை அனுப்புவார்கள் என்று நம்பி, ஊசி, நூல், காஜா எல்லாவற்றுக்கும் ஜப்பானியச் சொல் படித்து வைத்திருந்தேன். மேனேஜர் தன் மைத்துனனை அனுப்பினார். அதை நான் மறக்கவில்லை. இருந்தும் அவரிடம் போய், அந்த அம்மாளுக்குத் தையல் பிடிக்கவில்லை என்று சொன்னேன். “உங்க ஜப்பானை நீங்களே வச்சுக்குங்க” என்று சிரித்துவிட்டு எல்லோருக்கும் பிரியாணி வரவழைத்தார்.

ரோலா ஏரியாவில் இருக்கும் ரூமுக்கு வந்தால், என்னோடு தங்கியிருக்கும் காலர் டெய்லர் முருகேசன் ஒரே குஷியில் இருந்தான்.

“ஆர்டர் வந்துருச்சு சார். தம்பிய ஊர்ல வேலைய விட்டுட்டு வரச் சொல்லப்போறேன். மேனேஜர் விசா தர்றேன்னுட்டாரு.”

“பொறு முருகேசா. அந்த ஆர்டர் வராது. அது இல்லேன்னா கம்பெனியே நிக்காது.”

அவன் முகம் மாறிவிட்டது. “நீங்க யாரைப் பத்தி சார் நல்லதாச் சொல்லியிருக்கீங்க? எங்க வீட்ல ஒருத்தன் மேல வந்தா உங்களுக்கு ஏன் எரியுது?”

நான் சொன்னது நிஜம். சொன்னது நான் என்பதுதான் அவனுக்குக் கோளாறு.

தம்பிக்குப் பேச ஃபோன் கார்டை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான். ஜன்னலிலிருந்து தெருமுனை பூத் தெரிகிறது. தம்பி ஏதோ தயங்கிக் கேட்கிறான் போலிருக்கிறது. இவன் கையை வீசிச் சிரித்துக்கொண்டே பேசுகிறான்.