கிடாரம் நின்ற இடம்

இது யார் கையில் அகப்பட்டாலும், அல்லாஹ்வுக்காக, வேறு ஒருவருக்கும் காட்ட வேண்டாம். வாப்பாவுக்குக் காட்டவே வேண்டாம். இந்த வரியோடு நிறுத்தி, மடித்து அடுப்பில் போட்டுவிட்டால் இன்னும் நல்லது. இது மௌத்தாகிப் போன என் உம்மாவுக்கு எழுதுவது. வேறு யாருக்கும் இதில் ஒரு சோலியும் இல்லை.

உம்மா, நூறு பேருக்குச் சோறு ஆக்கும் அந்தப் பெரிய கிடாரம் நின்ற இடத்தில் இருந்துதான் எழுதுகிறேன். கிடாரம் இல்லை. அதன் அடி பதிந்த கரிய வட்டம் மட்டும் தரையில் இருக்கிறது. சாம்பலும் தேங்காய்ப் பொச்சும் போட்டு எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. அந்த வட்டத்துக்குள் சம்மணம் போட்டு, கொப்பியை மடியில் வைத்து, குப்பி விளக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டிருக்கிறேன். யார் யாருடைய கல்யாணச் சோற்றின் நெய் மணமோ இன்னும் தரையிலிருந்து எழும்புகிறது. அந்த மணம்தான் உங்களோடு கதைக்கச் சொன்னது. கதைக்க என்ன, சண்டை பிடிக்க.

ஒரு வீட்டில் இவ்வளவு சாமானை யாராவது வைத்திருப்பார்களா? அதுவும் ஊராரின் சாமானை? அடுத்த வளவில் இருக்கும் உங்கள் தங்கச்சி, என் சாச்சி, அவருடைய கிடாரம். பின்வளவு ஆசியா மாமியின் பன்புல்லில் இழைத்த பாய்கள். ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் சஹன் தட்டுகள், காஸ் லாம்புகள், பந்தல் சீலைகள், கால் உடைந்த தொட்டில் ஒன்று. எங்கே கல்யாணம், எங்கே கந்தூரி என்றாலும் நம் குசினிக் கதவடியில் குரல் கேட்கும். "ராத்தா, ரெண்டு சஹன் தாங்களன்." நீங்கள் ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி எழும்புவீர்கள். சஹன் எடுக்க ஆகும் நேரம் கொஞ்சம். வந்தவர் இருந்து கதைக்கும் நேரம்தான் கூட. எனக்குப் படிக்க இடம் இராது. பாய்ச் சுருள்களுக்கும் பெட்டகத்துக்கும் நடுவில் பூனை போலச் சுருண்டு கிடப்பேன். வாப்பாவின் கண்ணில் படக்கூடாத கதைப் புத்தகங்களைச் சுருளுக்குள் செருகி வைப்பேன். நம் வீட்டில் எதையும் ஒளிக்கலாம். தேடி எடுக்கத்தான் முடியாது.

"இதென்ன உம்மா, நம்மட ஊடா, பள்ளிவாசல் களஞ்சியமா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சாமான் கேட்டு வாற பொண்டுகள் சாமானுக்கு மட்டும் வாறல்ல மகள்."

"மறுகா என்னத்துக்கு வாறாங்க?"

"உனக்கு இப்ப விளங்கா."

எதைக் கேட்டாலும் இதுதான் பதில். இப்படி அரைகுறையாகச் சொல்லிவிட்டு ஒரு மனிசி போய்விடலாமா?

உங்களுக்கு இழுப்புக் கூடிய நாளை நினைத்தால் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. அப்போதிக்கரி ஐயா வந்து நாடியைப் பார்த்துவிட்டு, "முதல்ல ஜன்னலத் திறங்க, காத்து வரட்டும்" என்றார். வாப்பாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். ஜன்னல் கண்ணுக்குத் தெரிந்தால்தானே திறப்பதற்கு? முகடு வரை பாய். நாங்கள் சுருள் சுருளாக இழுக்க, தூசி பறந்து உங்களுக்கு இன்னும் முட்டியது. அந்த மூச்சு வாங்கலுக்குள்ளும் நீங்கள் சொன்னது என்ன தெரியுமா? "மெதுவா... அது ஆசியாட பாய். மடிஞ்சா முறிஞ்சிரும்." அப்போதிக்கரி ஐயா தலையில் கை வைத்துக்கொண்டார். ஊராரின் பாய்க்கு இடமிருந்த வீட்டில் உங்கள் மூச்சுக்கு இடம் இருக்கவில்லை, உம்மா. இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

நீங்கள் போனீர்கள். சாமான் போகவில்லை. உங்களுக்காக ஓதிய கத்தத்துக்கு வந்த பொண்டுகள் சஹன்களைக் கழுவித் துடைத்து, எடுத்த இடத்திலேயே பத்திரமாக அடுக்கிவிட்டுப் போனார்கள்! பிறகு அதே குரல்கள் என்னைத் தேடி வந்தன. வேளாண்மை வெட்டுக்கு வயலுக்குப் போகும் முன் வாப்பா என்னைக் கூப்பிட்டார்.

"மகள், அடுத்த தவணையோட பள்ளிக்கூடத்த நிப்பாட்டுவம்."

"ஏன் வாப்பா?"

"ஊட்ட ஒரு ஆள் வேணுமே. சாமானுக்கு வாறவங்க பூட்டின கதவப் பாத்துக் கிறுகிப் போனா, உம்மாட பேர் என்னத்துக்கு ஆகும்?"

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். வாப்பாவின் கோபம் சோறு தின்றதும் ஆறிவிடும். உங்கள் பேருக்காக என்று சொன்னது ஆறாது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, நான் ஒரு கிடாரத்துக்குக் காவல் இருக்க வேண்டும்!

அவர் வயல் வாடியில் தங்கப் போன அன்றே தொடங்கினேன். ஏச வேண்டாம், தெருவில் கால் வைக்கவில்லை. பொண்டுகள் போய்வரும் வேலி இடைவெளியால்தான் போனேன். முதலில் கிடாரத்தை உருட்டிக்கொண்டு சாச்சி வீட்டு முற்றத்துக்கு.

"என்ன புள்ள இது?"

"உங்கட கிடாரம் சாச்சி. இஞ்ச வைங்க."

சாச்சி பாம்பைக் கண்டவர் போலப் பின்னால் போனார். "வேணாம்மா! இஞ்ச இரிந்தா எண்ட மாமியார்ட ஆக்கள் கேட்டு வருவாங்க. எண்ட சாமான வச்சிக்கிட்டு எப்பிடி இல்லெண்டு செல்லுற? குடுத்தா அது கிறுகி வருமா? உங்கட உம்மாட்ட இரிந்தா, 'இது எண்ட இல்ல, நான் குடுக்க ஏலா' எண்டு அவ சென்னா முடிஞ்சிது."

கிடாரத்தை அங்கேயே விட்டுவிட்டு, ஒரு பாய்ச் சுருளோடு ஆசியா மாமியிடம் போனேன். அவரிடமும் அதே கதை. மாமியாரின் ஆட்களுக்குப் பதிலாக மருமகனின் ஆட்கள். சொந்தக்காரருக்கு இல்லை என்று சொல்லத் தெரியாத ஊர் முழுவதும் சேர்ந்து உங்கள் வாயைக் கடன் வாங்கியிருக்கிறது. நீங்களும் கொடுத்திருக்கிறீர்கள்!

பாயைச் சுமந்தபடி சாச்சி முற்றத்துக்கே திரும்பி வந்தேன். எனக்கு ஆத்திரத்தில் அழுகை வந்துவிட்டது. "அப்ப ஆசியா மாமிட பாயையாவது நீங்க வைங்க சாச்சி! நான் எங்க கொண்டுபோய்க் கொட்ட?"

"அதுக்கென்ன, கொண்டா" என்றார் சாச்சி. "அது எண்ட இல்லயே."

பாயை அங்கேயே இறக்கி வைத்தேன். தன்னுடையதைத் தன் வீட்டில் வைக்க எல்லாருக்கும் பயம். அடுத்தவருடையதை வைக்க ஒருவருக்கும் பயமில்லை. இது உங்களுக்குத் தெரிந்தே இருந்திருக்கும். ஆனால் எல்லாவற்றையும் நீங்களே தலையில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டுமென்று யார் சொன்னது?

பாய்கள் சாச்சியிடம் போயின. கிடாரம் ஆசியா மாமியிடம். சஹன்கள் ஒரு வீட்டுக்கு, லாம்புகள் இன்னொரு வீட்டுக்கு. ஒரு வீட்டில் ஒரு சாமான் என்றால் அதற்காக யாரும் நாள் முழுக்கக் காத்திருக்கத் தேவையில்லை. தொட்டிலுக்கு உரிமை சொல்ல யாருமில்லை. உடைத்து அடுப்பில் வைத்தேன். அதற்கு மட்டும் வேண்டுமென்றால் ஏசுங்கள்.

எல்லாம் போன பிறகு உங்களுடையது என்று என்ன மிஞ்சியது தெரியுமா? ஒரு சின்னப் பன்பெட்டி. உள்ளே பல் போன சீப்பு, மடித்த சீலை, தஸ்பீஹ் மணிமாலை. இவ்வளவுதானா, உம்மா? முகடு முட்டிய வீட்டில் உங்களுக்கு இவ்வளவுதானா? தரையில் இருந்து அழுதேன். உங்கள் மேல் அவ்வளவு கோபம்.

ஆனால் ஜன்னல் திறந்திருக்கிறது. கடற்காற்று அறை முழுக்கச் சுற்றிவிட்டுப் போகிறது. பிறந்ததிலிருந்து முதல் தடவையாகக் காலை நீட்டிப் படுக்கிறேன். விடியும்போது தலைப்பாரம் இல்லை, தும்மலும் இல்லை. வாசித்த கணக்கு மனதில் நிற்கிறது. இரவில் எனக்குத் துணைக்கு வந்து படுக்கும் சாச்சி, "ஊடு மூச்சு உடுது புள்ள" என்றார். இப்போது இந்த வீட்டின் மூச்சுக்கும் சேர்த்து அவர்தான் குறட்டை விடுகிறார்.

இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு ஆசியா மாமி வந்தார். கேட்க இங்கே ஒன்றுமில்லை. "சும்மாதான் வந்த" என்று இந்த வட்டத்துக்குப் பக்கத்தில் இருந்து, மகளைப் பற்றிச் சொல்லிக் கொஞ்சம் அழுதார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். எழும்பும்போது, "நாளைக்குச் சாச்சிட்டப் போய் உம்மாட பாய் ரெண்டு எடுக்கணும்" என்றார்.

"அது உங்கட பாய்தானே மாமி?"

"ஓம், எண்டதான். எண்டாலும் உம்மாட பாய்."

இதைத்தான் நாளைக்கு வாப்பா வந்ததும் சொல்லப் போகிறேன். உம்மாட பேர் கெடவில்லை வாப்பா, இப்ப அது எல்லா ஊட்டிலயும் இரிக்கி. இஞ்ச காவலுக்கு ஒண்டும் இல்ல. நான் பள்ளிக்கூடம் போறன். விளக்கைப் பார்த்து எத்தனையோ முறை சொல்லிப் பழகிவிட்டேன். விளக்குக்கு முன்னாலேயே பாதியில் விட்டு, திரும்ப முதலிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் தஸ்பீஹைப் புத்தகப் பைக்குள் போட்டிருக்கிறேன். இடம் அடைக்காத சாமான் உங்களிடம் அது ஒன்றுதான். என்னிடம் இருப்பதும் அதுதான், அதோடு

முன்கதவைத் தட்டுகிறார்கள். பொண்டுகள் முன்கதவால் வருவதில்லை. வெளியே மாட்டு மணி கேட்கிறது. வாப்பாதான், இன்றைக்கே வந்துவிட்டார். இந்தக் கொப்பியை எங்கே வைக்க, உம்மா? ஒளித்து வைக்க இந்த வீட்டில் இப்போது ஒரு சாமானும்