நீ போடாத விளக்குகள்

புது கிராபிக்ஸ் கார்டு சூடேறும்போது ஒரு பிளாஸ்டிக் நெடி வரும். இன்று காலை அந்த நெடியில் உட்கார்ந்துதான், நாம் கம்ப்யூட்டரில் கட்டிய கோயில் மண்டபத்தைத் திறந்தேன். உன் மனைவி நேற்று போன் செய்திருந்தாள். "அண்ணா, பதினாறாம் நாள் காரியத்துல அந்த மண்டபத்த டிவில போட்டுக் காட்டணும். அவர் வெச்ச வெளிச்சத்தப் பத்தி நீங்க நாலு வார்த்த பேசணும். பொண்ணு கேக்கட்டும்."

அவர் வெச்ச வெளிச்சம்!

செங்கம் ரோட்டு மாடி அறையில் அந்த மண்டபம் வரும் கம்ப்யூட்டர் விளையாட்டை நாம் செய்த காலத்தில், ஒளி எங்கே பட்டு எங்கே திரும்புகிறது என்று ஆட்டம் ஓட ஓடக் கணக்கிடக் கம்ப்யூட்டருக்குத் தெம்பில்லை. நாம்தான் கண்ணை ஏமாற்ற வேண்டும். கற்பூரச் சுடர் கல்லில் பட்டுத் திரும்பும் இடமெல்லாம் தூண்களுக்குப் பின்னால் குட்டி விளக்குகளை ஒளித்து வைத்தேன். அதற்காகவே தினம் ஆரத்திக்குப் போய், சன்னதிக்கு முதுகைக் காட்டி நின்றேன். "குருக்கள் மொறைக்கிறாரு பாரு. எல்லாரும் சாமிய பாக்குறாங்க, நீ தூண பாக்குற. லூசாடா நீ?" என்று சிரித்தாய். ஒரு விளக்குகூட நீ வைக்கவில்லை.

சென்னைக் கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்து வாயைப் பிளந்தார்கள். நீ என் தோளில் கை போட்டுக்கொண்டு சொன்னாய்: "லைட்டிங் முழுக்க நான் சார். இவன் தூணுங்கள செஞ்சான்." அவர்கள் போனதும், "ரெண்டு பேரு பேர சொன்னா கொழம்பிடுவாங்கடா. நான் உள்ள போய் உன்ன இழுத்துக்கறேன்" என்றாய். வேலை கிடைத்து நீ சென்னைக்குப் போனாய். என்னை இழுக்கவே இல்லை. நான் இங்கேயே லாட்ஜ்களுக்கு விளம்பரப் படம் செய்து தலை நரைத்தேன்.

இன்று ரே டிரேசிங்கைப் போட்டேன். இப்போது இயந்திரமே ஒவ்வொரு கதிரையும் அந்தந்த நொடியில் பின்தொடர்ந்து போகிறது. உண்மை ஒளியோடு என் பொய் விளக்குகளும் சேர்ந்து, மண்டபம் கல்யாண வீடியோ மாதிரி வெளுத்துவிட்டது. விளக்குகளை ஒவ்வொன்றாக அழித்தேன். கடைசியில் சுடர் மட்டும் மிஞ்சியது. தூண்களில் நான் அன்று கொண்டுவந்த அதே நிழல், அதே மஞ்சள். சரியாகத்தான் வைத்திருந்திருக்கிறேன். யாரிடம் சொல்வது? இன்று எவனும் ஒரு பொத்தானைத் தட்டி வாங்கிக்கொள்கிற பொருளைத்தான் நீ என்னிடம் திருடினாய். எதைத் திருடினாய் என்று சொன்னால்கூட இனி ஒருவருக்கும் புரியாது.

விளக்குகள் அழியாத பழைய பிரதியையே உன் வீட்டுக்கு அனுப்பினேன். பேச மட்டும் வரமாட்டேன் என்றேன்.

"ஏண்ணா? உங்கள விட்டா அவருக்கு யாரு?"

உன் மகள் முன்னால் நின்று உண்மையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உன் புகழைப் பாடவும் முடியாது. "தொண்ட கட்டிக்கிச்சும்மா" என்றேன்.

நீ செத்த பிறகும் உனக்காகப் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதற்காகவும் உன்னை மன்னிக்கவில்லை.