பேர் எழுதாத உறை

பதுளை,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் பஸ்லியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கட்டாரில் அல்லாஹ் உன்னைச் சுகமாக வைத்திருப்பான் என்ற நம்பிக்கையோடு உம்மா எழுதுவது. போனில் பேசினால் வாப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். அதனால்தான் அங்கே வரும் ஸல்மாவின் கையில் இந்தக் கடிதம்.

வாப்பாவுக்கு நெஞ்சு நோவு கூடிவிட்டது. ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்குத் திகதி அடுத்த வருஷம்தான். வரிசை முழுக்க எங்கள் வயதுக்காரர். மருந்திலும் பாதியை வெளியில் வாங்கச் சொல்கிறார்கள்.

கடையை விற்ற காசின் வட்டியில்தான் அடுப்பு எரிகிறது. முதியோருக்கென்று தந்த கூடுதல் வட்டி நின்றதில் இருந்து முதலையே கிள்ளிக் கிள்ளி எடுக்கிறேன். பென்சன்காரருக்கு மாதம் பிறந்தால் ஏதோ வரும். கடைக்காரனுக்கு யார் தருவார்?

அதனால் பரிசோதனையைத் தனியாரிடம் செய்ய, வாப்பாவுக்குத் தெரியாமல் பள்ளிவாசலில், ஏழைகளுக்குப் பங்கிடும் ஸகாத் காசு கேட்டேன். அவர் அஸர் தொழப் போகும் நேரம் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். அன்றைக்கு நோவு என்று அவர் போகவில்லை. பள்ளியில் வேலை செய்யும் றினாஸ் காசு உறையோடு வந்தபோது கதவைத் திறந்தது அவர்தான்.

இருபது வருஷம் ஊருக்கு ஸகாத் பங்கிட்ட மனுசன் அல்லவா? உறையைத் திருப்பிப் பார்த்து, "யாருக்கு குடுக்கணும், மகன்? பேரக் காணோமே" என்றார். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தான், நிலத்தைப் பார்த்தான். "நீங்களே பாத்து செய்ங்க ஹாஜியார்" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டான்.

வாப்பாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "பாத்தியா ஸகீனா, பள்ளியில இன்னம் என்ன மறக்கல்ல" என்றார். சட்டையை மாற்றி, படியில் நின்று நின்று மூச்சு வாங்கி, மேல் வீட்டு ஸைனபிடம் கொடுத்துவிட்டு வந்தார். நான் தொப்பியை எடுத்துக் கொடுத்தேனே தவிர வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அந்த நெஞ்சு அங்கேயே நின்றுவிடும் என்று பயந்தேன். திறக்காததற்கு இப்போது பயப்படுகிறேன்.

ஸைனபிடம் திருப்பிக் கேட்க முடியாது. அவளும் சீனி வருத்தத்துக்கு மருந்தில்லாமல் கிடந்தவள். பள்ளியிலும் ஒரு வீட்டுக்கு ஒரு தரம்தான்.

பெருநாளோடு நீ வந்துவிடுவதாக இருந்தாய். உன் கல்யாணப் பேச்சை உம்மா மறக்கவில்லை. அங்கே வேலைக்கு இன்னும் ஒரு வருஷம் கையெழுத்துப் போடலாமா, முன்பணம் தருவார்களா, கேட்டுப் பார். வாப்பா கேட்டால், என் விருப்பத்தில்தான் நிற்கிறேன் என்று சொல்.

அல்லாஹ் உன் ஆயுளில் பரக்கத் செய்வானாக. பெற்ற பிள்ளைக்கு இப்படி ஒரு கடிதம் எழுதும் முதுமையை அவன் உனக்குத் தராமல் இருப்பானாக.

உன் உம்மா,
ஸகீனா