செத்ததாகச் சொன்ன பூனை

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி இப்போது தேவலையா? நான் நலம்.

இணையத்தில் பழகிய தோழிகள் சேர்ந்து சுற்றுலா போகக் கூப்பிட்டார்கள். என் வேலை நிலைக்காது, செலவுக்குப் பணமில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, பூனை செத்துவிட்டதால் வரவில்லை என்று எழுதிவிட்டேன். நேற்று அவர்களில் ஒருத்தி, ஓய்வுபெற்ற நர்ஸ், துக்கம் விசாரிக்க நான்கு மணி நேரம் ரயிலில் வந்துவிட்டாள். கதவைத் திறந்ததும் பூனை போய் அவள் காலில் உரசியது.

“செத்தும் நல்லா கொழுகொழுன்னுதான் இருக்கு” என்றாள்.

உண்மையைச் சொன்னேன்.

“இதுக்குப் போய் வாயில்லா ஜீவனை ஏம்மா கொன்ன?”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். டீ கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள்.

அப்பா, வேலை நிரந்தரமாகிவிட்டதாகப் போன கடிதத்தில் உங்களுக்கு எழுதியதும் பொய்தான். இந்த மாதத்தோடு முடிகிறது. மாடி அறையில் யாரையும் குடிவைத்துவிடாதீர்கள்.

அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது. இன்னும் பத்து நாள் போக வேண்டுமே.

உங்கள் மகள்