வடகரைக்கு வந்த இரண்டாம் கப்பல்

குடியேற்றம் ஏழாம் ஆண்டு, ஆனி 3. காலை 6.10
வடகரை வழிகாட்டி நிலையம். வடமேற்குக் காற்று. வெப்பம் சுழியத்துக்குக் கீழே நான்கு. பனி விலகிக் கடல் திறந்துவிட்டது. கப்பல்களுக்குத் திசை காட்டும் ரேடியோ வழிகாட்டி இயங்குகிறது. பதிவு: குமுதவல்லி, வானிலை ஆய்வாளர். ஊருக்கு வெளியே இந்த நிலையத்தில் நான் மட்டும்.

ஆனி 5. பகல் 2.00
இதைக் கண்டெடுப்பவருக்கு: நாகப்பட்டினக் கரையைக் கடல் கொண்டபின் முதல் கப்பலில் இந்த வடதுருவக் கரைக்கு வந்தோம். இங்கிருந்த மான் மேய்ப்பர்கள்தான் கறியும் தோலும் கொடுத்து முதல் குளிரில் எங்களைக் காப்பாற்றினார்கள். மறுகோடையில், எங்களுக்குச் சூடு தரும் அணு உலையையும் ஊரையும் சுற்றி வேலி போட்டோம். அடுத்த கடுங்குளிரில் சூடு தேடி வேலி தாண்டிய மேய்ப்பர் இருவரைச் சுட்டோம். மற்றவர்கள் கிழக்கே போய்விட்டார்கள். ஊர் இப்படித்தான் உண்டானது.

ஆனி 8. காலை 9.40
இரண்டாம் கப்பல் வருகிறது. அதே நாகைக் கரை மக்கள். ஊர்த்தலைவர் வைரக்கண்ணு ரேடியோவில் சொன்னார்: "குமுதா, வழிகாட்டிய நிறுத்திப்புடு. உலைச் சூடு நமக்கே பத்தல. பாறையில மோதுனா மோதட்டும்."

ஆனி 9. பகல் 1.15
நிறுத்தவில்லை. கப்பல் தலைவன் சகாயத்தின் குரல்: "அக்கா, பாறை எந்தப் பக்கம்? புள்ளகுட்டியெல்லாம் இருக்கு." திசை சொல்லிச் சொல்லி உள்ளே கொண்டுவந்தேன். நங்கூரம் இறங்கியதும் அழுதுவிட்டேன். வைரக்கண்ணு சொன்னது ஒன்றுதான்: "இனிமே ஊருக்குள்ள கால் வைக்காத."

ஆனி 11. மாலை 4.30
ஊர் வேலியைத் திறக்கவில்லை. வந்தவர்கள் ஈர மணலில் கிடக்கிறார்கள். இரண்டு குழந்தைகள் விறைத்துச் செத்தன. சகாயம் ரேடியோவில் கூப்பிட்டான். "அக்கா, உலைக்குக் காவல் எத்தன பேரு? வேலி எங்க பலமில்லாம இருக்கு?" மரியாதையாகத்தான் கேட்டான். சொல்ல மாட்டேன் என்றேன். "சரிக்கா. நாங்களே பாத்துக்குறோம்."
ஊரை எச்சரித்தேன். "நீதான கூட்டியாந்த?" வைரக்கண்ணு இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

ஆனி 12. பகல்
வேலிப் பக்கம் துப்பாக்கிச் சத்தம். உலையிலிருந்து வெள்ளைப் புகை. இங்கு வரும் சூட்டுக் குழாய் சில்லிட்டுவிட்டது. ஊரை அழைத்தேன். பதில் இல்லை. கப்பலை அழைத்தேன். அங்கும் இல்லை. விரல் மடங்க மறுக்கிறது.

நேரம் பார்க்கவில்லை
கதவைத் தட்டுகிறார்கள். "உள்ள யாரு? தொற." எங்கள் கரைப் பேச்சு. இரண்டு பக்கமும் அதே பேச்சுதான். என்னைக் கொல்ல இரண்டு பக்கத்துக்கும் காரணம் இருக்கிறது: ஊருக்கு நான் கப்பலைக் கொண்டுவந்தவள், கப்பலுக்கு வேலியைக் காட்ட மறுத்தவள்.
மடியில் துப்பாக்கி. குழல் கதவைப் பார்த்திருக்கிறது. வந்திருப்பது யாரென்று தெரியவில்லை. தெரிந்தாலும்