எல்லோருக்கும் போன அழைப்பிதழ்

பாடாலூர்,
கார்த்திகை கடைசி ஞாயிறு.

அன்பு மகள் நர்மதாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அம்மா, பாப்பா மேகலா, கொட்டகையில் கட்டியிருக்கும் கிடா உட்பட எல்லோரும் சுகமாக இருக்கிறோம், கிடாவின் சுகம் மட்டும் தை மாதம் வரைதான். புனேயில் குளிர் ஆரம்பித்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னாயாம், காதை மூடிக்கொண்டு ஆபீஸ் போ, யாரும் சிரிக்க மாட்டார்கள், சிரித்துப் பேசினாலும் உனக்கு மராத்தி புரியாது. போனில் பேசி முடிக்கிற சமாசாரத்துக்கு அப்பா ஏன் பேனாவைத் தேடிப் பிடித்து எழுதுகிறார் என்று நினைப்பாய். பொங்கல் வரைக்கும் யாராவது கூப்பிட்டால் எடுத்து ஹலோ சொல்லலாமே தவிர போனிலோ நீ அனுப்பிய லேப்டாப்பிலோ வேறு எதையும் நான் தொடக்கூடாது என்று பாப்பா உத்தரவு போட்டிருக்கிறாள். நான் ஹலோ சொன்னதும் உன் அம்மா போனை வாங்கிக்கொள்கிறாள். நடந்ததை அவள் தன் பாணியில் உனக்குச் சொல்லியிருப்பாள், அதில் நான் அரைக் கிறுக்கனாக வந்திருப்பேன். முழுசாகச் சொல்ல வேண்டும் என்றால் நான்தான் சொல்ல வேண்டும்.

பாப்பா பெரம்பலூரில் சிஸ்டர்கள் நடத்தும் பள்ளிக்கூடத்தில் பிளஸ் ஒன் கம்ப்யூட்டர் குரூப் படிக்கிறாள் அல்லவா, அங்கே பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பள்ளிக்கூடமே இன்டர்நெட்டில் ஒரு கணக்கு திறந்து கொடுத்திருக்கிறது. பாடம் அதில்தான் வரும், வீட்டுப்பாடம் அதில்தான் போகும், பரீட்சை அட்டவணையும் அதில்தான். ஜூன் மாதம் இதற்காகப் பெற்றோரைக் கூப்பிட்டுக் கூட்டம் போட்டார்கள். தலைமையாசிரியை சிஸ்டர் அமலோற்பவம் சத்தமாகப் பேசுகிறவர் இல்லை, ஆனால் அவர் வாயைத் திறந்தால் கடைசி பெஞ்சில் தூங்குகிறவன் எழுந்துவிடுவான், நான் எழுந்துவிட்டேன். பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லக்கூடாது, பள்ளிக்கூட வேலையைத் தவிர வேறு எதற்கும் அந்தக் கணக்கைத் திறக்கக்கூடாது, அதில் என்ன நடந்தாலும் அந்தப் பிள்ளைதான் பொறுப்பு, ஆண்டவர் பார்க்கிறார் என்பது இருக்கட்டும், கம்ப்யூட்டர் சாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றார்கள். எல்லாவற்றுக்கும் சம்மதம் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். என் கையெழுத்து நன்றாகத்தான் இருந்தது, தாளில் என்ன இருந்தது என்றுதான் பார்க்கவில்லை.

பாப்பா செய்த ஒரே தப்பு, மறந்துபோனால் நினைவுபடுத்துங்கள் என்று பாஸ்வேர்டை என்னிடம் சொல்லி வைத்தது. பத்தாம் வகுப்பையே இரண்டு தவணையில் முடித்தவனுக்கு அது எப்படி நினைவில் நிற்கும், அதனால் தினசரி காலண்டர் அட்டையில் கேஸ் சிலிண்டர் வந்த தேதிக்குக் கீழே எழுதி வைத்தேன். படிக்கிறவர்களுக்குப் புரியாமல் போய்விடக் கூடாதே என்று பக்கத்தில் பாப்பா கம்ப்யூட்டர் சாவி என்றும் எழுதினேன். பாப்பா பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். ஏம்மா, நம்ம வூட்டுச் சாவியே நிலைக்கு மேலதான் இருக்குது, தெருவுக்கே தெரியும், இதுவரைக்கும் ஒரு டம்ளர் காணாமப் போயிருக்கா என்று கேட்டேன். மோட்டார் கொட்டகைச் சாவி இருக்கும் இடம் பக்கத்துக் காட்டுக்காரர் கருப்பண்ணனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், நான் மறந்தால் அவரிடம்தான் கேட்பேன். அப்படி வாழ்கிறவனுக்குச் சாவியை ஒளித்து வைப்பது என்றால் யாரையோ சந்தேகப்படுவது மாதிரி இருக்கிறது. இது என் கட்சி. இந்தக் கட்சியில் இப்போது நான் ஒருவன்தான் இருக்கிறேன்.

போன மாதம் திருமழபாடியிலிருந்து உன் மாமா இளையபெருமாள் வந்தார். பேரனுக்குக் கொள்ளிடக்கரைக் கருப்பு கோயிலில் மொட்டையடித்துக் காது குத்திக் கிடா வெட்டுகிறார்கள், தை மாதம் பொங்கல் கழித்து வருகிற இரண்டாவது ஞாயிறு. பத்திரிகை அடிக்கிற இடத்தில் கூட்டமாம், நாளாகும் என்றார்களாம். மச்சான், உங்க வூட்டுலதான் கம்ப்யூட்டர் இருக்குதே, ஒண்ணு போட்டுக் குடுங்க, அப்படியே போன்லயே எல்லாருக்கும் அனுப்பிடலாம் என்றார். பாப்பா பள்ளிக்கூடம் போயிருந்தாள். உன் அம்மா, ஏங்க, அவ வந்ததும் கேட்டுக்கலாம்ங்க என்றாள். மச்சினன் முன்னால் அப்படிச் சொன்னால் எந்த மனுசன் கேட்பான். லேப்டாப்பைத் திறந்தேன், காலண்டரைப் பார்த்துப் பாஸ்வேர்டைப் போட்டேன், எனக்காகப் பாப்பா எல்லாவற்றையும் தமிழில் மாற்றி வைத்திருந்ததால் சிரமமே இல்லை. ரோஜாப்பூ போட்ட ஓரம், மேலே வேல், கீழே இரண்டு மயில், நடுவே மாமா சொல்லச் சொல்ல உறவுக்காரர்கள் பெயர். பெயர் போடுவதில்தான் நேரம் போனது, ஒரு சித்தப்பாவின் பெயர் இல்லாவிட்டால் அவர் பந்தியில் உட்கார மாட்டார், இருந்தால் அவருடைய தம்பி உட்கார மாட்டார். கடைசியில் கிடா விருந்து உண்டு, அனைவரும் குடும்பத்துடன் வருக என்று முடித்தேன். அனுப்பு என்று ஒரு பட்டன், அழுத்தினேன். யாருக்கு என்று கேட்டது. முதல் வரியிலேயே எல்லோரும் என்று இருந்தது. நீயே சொல், விசேஷத்துக்கு அழைக்கும்போது யாருக்கு என்று கேட்டால் நம் வீட்டில் வேறு என்ன பதில் சொல்வோம். ஒருத்தர் விட்டுப்போனாலும் மூன்று தலைமுறைக்குப் பேச்சு. இயந்திரமாக இருந்தாலும் முறை தெரிந்திருக்கிறதே என்று மனதுக்குள் பாராட்டிவிட்டு எல்லோரும் என்பதை அழுத்தினேன். முடிஞ்சது மாப்பிள்ள, ஒரு ஆள் பாக்கி இல்ல என்று மாமாவிடம் சொன்னேன். அவர் என்னை அப்படி மரியாதையாகப் பார்த்தது நான் உன் அம்மாவைக் கல்யாணம் செய்த பிறகு அதுதான் முதல் தடவை.

மறுநாள் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. உங்க மகள் தன்னோட கணக்குலேருந்து தேவையில்லாத ஒண்ணைப் பள்ளி முழுக்க அனுப்பியிருக்கா, உடனே வாங்க என்றார்கள். எனக்கு வந்த கோபத்தில் சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். சிஸ்டர் அறையில் பாப்பா தலையைக் குனிந்து நின்றாள், பக்கத்தில் கம்ப்யூட்டர் ஆசிரியர் அரவிந்தன் சார். யார் அனுப்பினது என்று கேட்டால் என் கணக்கு சிஸ்டர், நான்தான் பொறுப்பு என்பதைத் தவிர வேறு வார்த்தை சொல்ல மாட்டேன் என்கிறாள், அரையாண்டுப் பரீட்சை முடியும் வரை அவள் கணக்கை மூடி வைத்திருக்கிறோம் என்றார் சிஸ்டர். நானும் சும்மா இருக்கவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குப் பொறுப்பே இல்லீங்க சிஸ்டர், வூட்டுல நாங்க அவ்வளவு சொல்லித்தான் வளர்க்கிறோம், நல்லாக் கண்டிங்க என்று ஒரு பிரசங்கமே செய்தேன். பாப்பா தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்தாள். சிஸ்டர் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். ரோஜாப்பூ ஓரம். மேலே வேல். இரண்டு மயில்.

எல்லோரும் என்றால் அந்தப் பள்ளிக்கூடத்து எல்லோரும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பிள்ளைகள், டீச்சர்கள், சிஸ்டர்கள், தாளாளர் ஃபாதர், வாட்ச்மேன் வரைக்கும். அடியில் இப்படிக்கு மேகலா, பதினொன்றாம் வகுப்பு என்று தானாகவே வேறு விழுந்திருக்கிறது. பிள்ளைகள் அத்தனை பேரும் எல்லோருக்குமே பதில் போட்டிருக்கிறார்கள். ஒருத்தன் கிடாவா கோழியா என்று கேட்டிருக்கிறான், ஒரு பெண் பிள்ளை எனக்குச் சைவம் உண்டா என்று கேட்டிருக்கிறது, கெமிஸ்ட்ரி டீச்சர் பெரம்பலூரிலிருந்து திருமழபாடிக்கு நேர் பஸ் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். இந்தப் பந்தியில் பரீட்சை அட்டவணை அடியில் மாட்டி, பாதிப் பேர் அதைப் பார்க்கவே இல்லையாம்.

இது நான் பண்ணுனதுங்க சிஸ்டர் என்றேன், அது சொல்ல வேண்டியதே இல்லை, மாமா பெயரும் என் பெயரும் மயிலுக்கு நடுவே பளிச்சென்று இருந்தன. பாப்பாவிடம் ஏம்மா சொல்லல என்று கேட்டேன். உங்களை இங்க கூப்பிட்டுத் திட்டுவாங்கப்பா என்றாள். அதைக் கேட்ட பிறகு என்னால் உட்கார முடியவில்லை. அரவிந்தன் சார்தான் மெதுவாகச் சொன்னார், சிஸ்டர், அடுத்த வாரம் அரியலூர்ல அறிவியல் கண்காட்சி, இவ செஞ்ச வேலை முழுக்க அந்தக் கணக்குக்குள்ளதான் இருக்கு என்று. மழைக்காலத்தில் வெங்காயம் சேர்த்து வைக்கும் பட்டறைக்குள் ஈரம் ஏறினால் ஊர் வெங்காயக்காரர்கள் போனுக்கெல்லாம் எச்சரிக்கை போகிற மாதிரி ஒன்று செய்துகொண்டிருந்தாளே, அதுதான். போன வருஷம் விதை வெங்காயம் பட்டறையிலேயே அழுகி நான் நின்ற நிலையைப் பார்த்துவிட்டு ஆரம்பித்தது. அதை நானே மயில் படம் போட்டு மூடிவிட்டேன்.

சிஸ்டரிடம் கெஞ்சினேன். விதி எல்லாருக்கும் ஒண்ணுதாங்க என்றார். தப்புப் பண்ணினவர் காலைப் பிரார்த்தனையில் எல்லோர் முன்னாலும் நின்று என்ன செய்தோம் என்று சொன்னால் கணக்கைத் திறப்பது அங்கே வழக்கமாம். பாப்பா நான் சொல்றேன் சிஸ்டர் என்றாள். பண்ணினது நான், நான் நிக்கிறேங்க என்றேன். சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, பதினொன்னாம் வகுப்பு வரிசையில நிப்பீங்களா என்று கேட்டார், அவர் கேலி செய்தாரா என்று இன்று வரை எனக்குத் தெரியவில்லை. பாஸ்வேர்டை வெளியே சொன்னதற்காகப் பாப்பா தனியாக ஒரு வாரம் லேப் துடைக்க வேண்டும் என்றும் தீர்ப்பானது.

திங்கட்கிழமை சலவை வேட்டி கட்டிக்கொண்டு, டை கட்டிய பிள்ளைகள் வரிசையில் உயரப்படி கடைசியில் நின்றேன். ஜெபம் முடிந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுதிக் கொண்டுபோனதை மைக்கைப் பார்த்ததும் படிக்க முடியவில்லை, வாயில் வந்ததைச் சொன்னேன். பிள்ளைங்களா, நான் மேகலாவோட அப்பா, அந்தக் கிடா விருந்து நான்தான் என்று ஆரம்பித்தேன், அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் நான் பேச வேண்டியிருக்கவில்லை, அவ்வளவு சிரிப்பு. அப்புறம் சொன்னேன், எங்க வூட்டுச் சாவி நிலை மேல இருந்தா உள்ள வர்றவன் எங்க வூட்டுக்குள்ள மட்டும்தான் வருவான், இந்தச் சாவி அப்படி இல்ல, என் மவ பேருல நான் உங்க எல்லார் வூட்டுக்குள்ளயும் வந்துட்டேன், அது தப்பு, உங்க அப்பா அம்மா கேட்டாலும் பாஸ்வேர்டைக் குடுக்காதீங்க, முக்கியமா அப்பா கேட்டா. கைதட்டினார்கள். முன் வரிசையில் ஒரு வாண்டு, அங்கிள், விருந்து உண்டா இல்லையா என்று கேட்டது. நான் சிஸ்டரைப் பார்த்தேன். அழைச்சது அழைச்சதுதானே, எங்களுக்குக் காலையில பூசை இருக்கு, முடிச்சுட்டு வந்தா பந்தி நடக்கும்ல என்றார். டீச்சர்களோடு ஒரு வேன் வரப்போகிறது. மாமாவுக்கு இன்னும் ஒரு கிடா பிடிக்கச் சொல்லியிருக்கிறேன், அவர் இப்போது என்னை மரியாதையாகப் பார்ப்பதில்லை.

அன்றைக்கே கணக்கைத் திறந்துவிட்டார்கள். பாப்பா அரியலூர் போய் இரண்டாம் பரிசு வாங்கி வந்தாள். நானும் போயிருந்தேன், எதையும் தொடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அவள் செய்ததில் புதிதாக ஒன்று சேர்த்திருக்கிறாள், எச்சரிக்கையை எல்லோருக்கும் அனுப்பு என்று அழுத்தினால் உடனே போகாது, உண்மையாகவே எல்லோருக்குமா, யார் யார் என்று பார்த்தீர்களா என்று கேட்டுப் பெயர்களைக் காட்டிய பிறகுதான் போகும். பார்க்க வந்த அதிகாரி இந்த யோசனை எப்படியம்மா வந்தது என்று கேட்டார். எங்க அப்பாகிட்டேருந்து சார் என்றாள். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் மறுக்கவில்லை.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். கெமிஸ்ட்ரி டீச்சர் வரைக்கும் அழைப்பு போயிருக்கு, எனக்கு மட்டும் வரலையேம்மா என்று அம்மாவிடம் கேட்டாயாம், சிரித்துக்கொண்டுதான் கேட்டாள் என்றாள் உன் அம்மா, ஆனால் எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. எல்லோரும் என்று அழுத்தியபோது முதல் ஆளாக உனக்குத்தான் போகும் என்று நினைத்தேன். அந்தப் பட்டியலில் நீ இல்லை என்று பார்க்கத் தோன்றவில்லை. அதனால் இதை வேறு யாருக்கும் அனுப்பாமல் உனக்கு மட்டும் கையால் எழுதுகிறேன். தை மாதம் பொங்கல் கழித்து இரண்டாவது ஞாயிறு, திருமழபாடி கொள்ளிடக்கரைக் கருப்பு கோயிலில் காதணி விழா, கிடா விருந்து உண்டு, நர்மதா அவசியம் வர வேண்டும். மயில் வரையப் பார்த்தேன், வாத்து மாதிரி வந்தது, அடித்துவிட்டேன்.

கருப்பு துணையிருப்பான், நோய் நொடி இல்லாமல் இரு. லீவை இப்போதே சொல்லி வை, டிக்கெட் போட்டதும் அம்மாவிடம் சொல், உன் பாஸ்வேர்டு எதையும் என்னிடம் சொல்லாதே. காலண்டர் அட்டையைப் பாப்பா கிழித்துவிட்டாள். வீட்டுச் சாவி மட்டும் நிலை மேல்தான் இருக்கிறது, நீ வரும்போது நாங்கள் காட்டில் இருந்தாலும் எடுத்துத் திறந்துகொள்.

இப்படிக்கு,
எல்லோருக்கும் தெரிந்துவிட்ட உன் அப்பா,
பஞ்சநாதன்